கார்ப்ரல் சகாதேவன்: சவுக் மலைக்குப் போய்த் திரும்பாத நம்மவர்

கோலசிலாங்கூர் – மார்ச் 25 போலீஸ் தினம். ஜூலை 31 வீரர் தினம். கடமையில் உயிர் நீத்தவர்களை நாடு நினைத்துப் பார்க்கும் நாள்கள் இவை. புக்கிட் கெப்போங் நிலையத்தைக் காத்து மடிந்தவர்களைப் பற்றியும், லஹாட் டத்துவில் வீழ்ந்தவர்களைப் பற்றியும் பள்ளிப் பிள்ளைகள் ஓரளவு அறிவார்கள். ஆனால் துப்பறியும் கார்ப்ரல் ஆர். சகாதேவன் யார் என்று புக்கிட் ரோத்தானிலோ, ஈஜோக்கிலோ, தஞ்சோங் காராங்கிலோ ஓர் இளைஞரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றே பெரும்பாலும் பதில் வரும். அவர்கள் மீது குற்றமில்லை. சம்பவம் நடந்தது 2000ஆம் ஆண்டில். இன்றைய இளைஞர்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கவில்லை.

என்ன நடந்தது என்பதை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

2000ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி அதிகாலை. வட பேராக்கின் கிரிக் பகுதியில் இருந்த ராணுவக் காவல் முகாம்களுக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. ராணுவ உயரதிகாரிகள் போல் உடையணிந்து, ராணுவ வாகனம் போல் தெரியும் பஜேரோ வண்டிகளில் வந்திறங்கி, திடீர்ச் சோதனைக்கு வந்திருப்பதாகச் சொன்னது. உயரதிகாரி என்றதும் காவலில் இருந்தவர்கள் கதவைத் திறந்து விட்டார்கள். ஆயுதக் கிடங்கும் திறந்தது. 97 எம்16 துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், எறிகுண்டு ஏவும் கருவிகள், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் ஆகியவற்றை அள்ளிக்கொண்டு கும்பல் போய்விட்டது. இத்தனை ஆயுதங்களுக்கும் அங்கே ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

அந்தக் கும்பலின் பெயர் அல்-மாவுனா. முகமட் அமின் முகமட் ரசாலி என்பவர் அதன் தலைவர். தற்காப்புக் கலையும் மந்திர சக்தியும் கற்றுத் தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தவர்கள், கடைசியில் அரசாங்கத்தையே ஆயுதத்தால் கவிழ்க்கும் எண்ணத்துக்கு வந்துவிட்டார்கள். கொள்ளையடித்த ஆயுதங்களோடு, கோலகங்சாருக்கும் லெங்கோங்குக்கும் இடையில் உள்ள சவுக் என்ற ஊரின் புக்கிட் ஜெனாலிக் மலையில் ஏறி முகாமிட்டார்கள். கோலசிலாங்கூரிலிருந்து வண்டியில் போனால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அந்த மலையடிவாரத்தை எட்டிவிடலாம். சுற்றிலும் கம்பங்களும் டுரியான் தோப்புகளும் உள்ள சாதாரண ஊர்ப்புறம் அது.

சகாதேவன் போலீசின் சிறப்புப் பிரிவைச் சேர்ந்தவர். பேச்சுவழக்கில் எஸ்.பி. என்று நாம் சொல்வோமே, அந்தப் பிரிவு. சீருடை அணிந்து சாலையில் நிற்கும் வேலை அல்ல இது. சாதாரண உடையில் போய், விசாரித்து, பார்த்து, தகவல் கொண்டு வருவதுதான் இவர்கள் பணி. பெரிய படை நகர்வதற்கு முன் இவர்கள் முன்னால் போக வேண்டும். பெரும்பாலும் பெரிய ஆயுதமோ கவச உடையோ இல்லாமல்தான் போவார்கள். சகாதேவனும் அவருடைய சகாவான முகமட் ஷா அகமட்டும் அப்படித்தான் கும்பலைத் தேடிப் போனார்கள். மலையில் இருவரும் பிடிபட்டார்கள். டுரியான் தோட்டத்துக்குப் போன உள்ளூர்வாசி ஒருவரும், மாத்யூ மெடான் என்ற ராணுவக் கமாண்டோ வீரரும் கும்பலிடம் சிக்கினார்கள். மாத்யூ சரவாக்கைச் சேர்ந்தவர்.

ஆக, மலையில் பிணை பிடிக்கப்பட்டவர்கள் நால்வர். இருவர் மலாய்க்காரர்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் சரவாக் பூர்வகுடி. உயிரோடு இறங்கி வந்தவர்கள் முதல் இருவர் மட்டுமே. சகாதேவனும் மாத்யூவும் சித்திரவதை செய்யப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் புதைக்கக் குழி தோண்டும் வேலையைக் கூடவே பிணைக் கைதிகளாக இருந்த மற்ற இருவர் தலையிலேயே கட்டினார்கள் கும்பல்காரர்கள். தன்னோடு சேர்ந்து வேலைக்கு வந்த சகாவுக்குத் தன் கையாலேயே குழி தோண்ட வேண்டியிருந்த அந்தச் சார்ஜன் முகமட் ஷாவின் நிலையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சகாதேவனைப் பற்றிப் பேசும்போது சிலர் இதை ஓர் இனக் கதையாக மட்டும் சுருக்கிவிடுகிறார்கள். கொலையாளிகள் இனமும் மதமும் பார்த்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலையில் சகாதேவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு மலாய் சகா. கும்பலின் முகாமுக்குள்ளேயே துணிந்து நுழைந்து பேச்சு நடத்தியவர் வாட் 69 கமாண்டோ பிரிவைச் சேர்ந்த அப்துல் ரசாக் முகமட் யூசோப். நாட்டின் மிக உயரிய வீர விருதான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும்.

ஜூலை 6ஆம் தேதி கும்பல் ஆயுதங்களைக் கீழே போட்டது. முற்றுகை முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை நம்மவர்களுக்கு இன்னும் குறைவாகவே தெரியும். 29 பேர் மீது குற்றவியல் சட்டத்தின் 121ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்பது அந்தப் பிரிவு சொல்லும் குற்றம். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைதான் அதற்கு விதி. புத்தகத்தில் நெடுங்காலமாக இருந்த அந்தப் பிரிவில் மலேசிய நீதிமன்றம் குற்றவாளிகளைத் தீர்ப்பளித்தது இந்த வழக்கில்தான் முதன்முறை. பத்துப் பேர் குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு பத்தாண்டுச் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் மீதான உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2001 டிசம்பரில் வந்தது. 2003இல் கூட்டரசு நீதிமன்றம் இறுதி முடிவைச் சொன்னது. நால்வருக்கு மரண தண்டனை, எஞ்சியவர்களுக்கு ஆயுள் தண்டனை. அந்த நால்வரும் 2006ஆம் ஆண்டு சுங்கை பூலோ சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இத்தனை பெரிய வழக்கில் சகாதேவன் பெயர் ஏன் மங்கிப் போனது?

ஒரு காரணம் அரசியல். 1999 பொதுத் தேர்தலின் சூடு தணியாத நேரம் அது. ஒரு தோட்டாகூட வெடிக்காமல் ராணுவ முகாமிலிருந்து இத்தனை ஆயுதங்களை எப்படி எடுத்துப் போக முடியும், இது அரசாங்கமே அரங்கேற்றிய நாடகம் என்று மேடைகளில் பேசினார்கள். பலர் நம்பவும் செய்தார்கள். ஆயுதங்கள் எப்படிப் போயின என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நாடகமா நிஜமா என்ற வாதத்தில், மலையில் உண்மையாகவே செத்துப் போன இருவரைப் பற்றிய பேச்சு அடிபட்டுப் போனது.

இன்னொன்று மிகச் சிறிய காரணம்போல் தெரியும். அவருடைய பெயரை மலாய், ஆங்கில ஏடுகள் ஒரே மாதிரி எழுதவில்லை. ஓரிடத்தில் சாகாடேவான், ஓரிடத்தில் சாங்காடேவான், இன்னோரிடத்தில் வேறு எழுத்துகள். இணையத்தில் ஒரு எழுத்துக்கூட்டலைத் தேடினால் மற்றவை வருவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் தப்பும் தவறுமாகப் பெயர் பதியப்பட்ட தோட்டக் குடும்பங்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. ஒரு மனிதரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டால், நினைவும் மூன்று துண்டாகிவிடுகிறது. தமிழில் சகாதேவன் என்று எழுதும்போது அந்தக் குழப்பம் இல்லை. நம் பள்ளிகளும் சங்கங்களும் தமிழிலேயே ஒரு முறை முறையாக எழுதி வைத்தால் போதும்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தயக்கம் வரும். தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர் பலருக்குப் போலீஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காவலில் நேர்ந்த மரணங்கள். 2009இல் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த குகன், 2013இல் கோலாலம்பூரில் காவலில் இறந்த தர்மேந்திரன் ஆகிய பெயர்கள் நம் வீடுகளில் பேசப்பட்டவை. குகன் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 2013ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் காவல் துறைத் தரப்பைப் பொறுப்பாக்கி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தக் கோபம் பொய்யல்ல. அதே சீருடைப் படைக்குள் ஒரு சகாதேவனும் இருந்தார். ஒன்றை நினைத்தால் மற்றொன்றை மறக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் போலீசில் சேராமல் விலகி நிற்பதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம் என்பதைப் பெற்றோர் அறிவார்கள். உள்ளே நம்மவர் குறைந்தால் வெளியே நம் குறையைக் கேட்கும் காதும் குறையும்.

வட சிலாங்கூர் தோட்டங்களைப் பொறுத்தவரை காவல் பணியில் உயிரைக் கொடுப்பது என்பது தூரத்துக் கதையும் அல்ல. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, தோட்டங்களைக் காக்கப் பல்லாயிரக்கணக்கில் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டார்கள். தோட்டத்துப் பேச்சில் அவர்கள் எஸ்.சி. பெரும்பாலோர் மலாய்க்காரர்கள் என்றாலும் நம்மவரும் அதில் இருந்தார்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, இரவில் ஊரடங்கு, பால் வெட்டப் போகிறவர்கள் காட்டுக்குள் சோறு கடத்திப் போகாமலிருக்க வேலி வாசலில் சோதனை. இவையெல்லாம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டவைதானே. வாசலில் சோதனை போட்டவரை அன்று யாரும் பெரிதாக விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் முதல் குண்டு அவருக்குத்தான். கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டதை வரலாற்றுப் புத்தகம் சொல்கிறது. உடன் போன காவலர்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தபோது உயிரிழந்திருந்த மலாயாப் போலீஸ்காரர்கள் மட்டும் 1,346 பேர். வீரர் தினம் ஜூலை 31இல் வருவதற்கு இதுவே காரணம்.

தமிழருக்கு இந்தச் சடங்கு புதிதா? இல்லை. ஊரையும் ஆநிரையையும் காக்கப் போராடி மடிந்தவனுக்குக் கல் நட்ட மரபு நம்முடையது. நடுகல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தால், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான் என்பது கல்லிலேயே இருக்கும். பெரும்பாலும் அரசர்கள் அல்லர், சாதாரண ஆட்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமானால், தோட்டத்து எல்லையில் நிற்கும் மதுரை வீரன் சன்னதியைப் பாருங்கள். கள்வரை அடக்கக் காவலுக்குப் போனவன் என்றுதான் அவன் கதையும் சொல்கிறது. தோட்டம் செம்பனையாகி, பிறகு தாமானாகி, மக்கள் இடம் மாறிய பின்னும் பல இடங்களில் அந்தச் சாமியைக் கையோடு தூக்கி வந்து நிறுவினார்கள். காவல்காரனை மறக்கும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை.

இறந்தவர் குடும்பத்துக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஓய்வூதியத் தகுதி பெற்ற அரசு ஊழியர் பணிக்காலத்தில் இறந்தால் குடும்பத்துக்கு வழித்தோன்றல் ஓய்வூதியம் உண்டு. மலாயில் பென்சென் தெர்பித்தான் என்பார்கள். கடமையைச் செய்யும்போது ஏற்பட்ட காயத்தால் இறந்திருந்தால், 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் இதற்கு மேலாகச் சார்ந்திருப்போர் ஓய்வூதியம் ஒன்றையும் தருகிறது. அதன் பெயர் பென்சென் தங்குங்கான். இரண்டும் வேறு வேறு. பாரத்தை நிரப்பும்போது இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுப் பட்டியல்களில் பெயருக்கு முன் 'மெண்டியாங்' என்றிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மறைந்த முஸ்லிம்களுக்கு அல்லாயார்ஹாம் என்று எழுதுவது போல, மற்றவர்களுக்கு எழுதும் 'அமரர்' என்ற சொல்தான் அது.

வீட்டில் தாத்தாவின் பழைய தகரப்பெட்டி இன்னும் இருந்தால் ஒரு முறை திறந்து பாருங்கள். அவசரகாலத்தில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்ட பிரிட்டிஷ் பதக்கத்தில் 'மலாயா' என்று பொறித்த பட்டை இருக்கும். முகப்பில் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் சேவை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவில் விசாரிக்கலாம். பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அதே எழுத்துகளில் கேளுங்கள்.