அறிவுக் களஞ்சியங்கள் – 9: அருவிக்கரையிலிருந்து ஒரு தேடல்

பழைய குற்றாலத்தில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, மலைமீது பெய்த மழையினால் திடீரெனப் பெருக்கெடுத்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை வாரிக்கொண்டு போய்விட்டது. மலை உச்சியில் மழையளவையும் நீர்மட்டத்தையும் உணரும் கருவிகளை நிறுவி, அபாயம் அருவியை எட்டுமுன்பே கீழே சங்கு ஒலிக்கச் செய்யலாகாதா என்று தென்காசி வட்டாரத்துப் பொறியியல் மாணவன் ஒருவன் எண்ணுவானேயானால், அவ்வெண்ணம் மிகவும் சிலாக்கியமானது. ஆனால் கருவி வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் அவன் பல்கலைக்கழக நூலகத்தின் தரவுத்தளங்களை நாடவேண்டும்.

கூகுள் போதாதா என்றால், விற்பனை விளம்பரத்தையும் நாளிதழ்ச் செய்தியையும் ஆராய்ச்சிக் கட்டுரையையும் அது ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது. ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர், ஏசிஎம் டிஜிட்டல் லைப்ரரி போன்ற களஞ்சியங்களிலோ பெரும்பாலும் வல்லுநர்கள் பரிசீலித்து ஏற்ற பிரசுரங்களே இருக்கும். 1898-இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘சயன்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்னும் ஆய்வுச்சுருக்க இதழின் வழிவந்த இன்ஸ்பெக் தரவுத்தளத்தில், ஆசிரியர்கள் எந்தச் சொல்லைக் கையாண்டிருந்தாலும், ஒரே விஷயம் பற்றிய கட்டுரைகள் வரையறுத்த ஒரே பொருள்தலைப்பின்கீழ் வந்து சேர்கின்றன. வாசகருடைய காலத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் நான்காம் விதியாக வகுத்தது இங்கே கண்கூடாக நிறைவேறுகிறது.

தேடுவதும் ஒரு சாஸ்திரமே. திடீர் வெள்ளத்தைக் குறிக்கும் ‘ஃப்ளாஷ் ஃப்ளட்’ என்று மட்டும் இட்டால் கட்டுரைகள் வந்து குவியும். அதை மேற்கோள் குறிக்குள் அடைத்து, ‘அண்ட்’ என்னும் இணைப்புச் சொல்லால் ‘சென்சார்’ என்பதோடு பிணைத்து, ஒருபொருட் சொற்களை ‘ஆர்’ என்னும் சொல்லால் கோத்தால் குவியல் வடிந்து தேவையானது நிற்கும். கிடைத்த நல்ல கட்டுரை ஒன்றிலிருந்து, அது எடுத்தாண்ட முந்தைய ஆய்வுகளுக்குப் பின்னோக்கியும், அதை எடுத்தாண்ட பிந்தைய ஆய்வுகளுக்கு முன்னோக்கியும் செல்லவேண்டும். கருவியைப் பற்றி மின்னியலார் எழுதுகிறார்கள். மலைச்சரிவில் நீர் எவ்வளவு விரைவில் திரளும் என்பதை நீரியலார் எழுதுகிறார்கள். இருவரையும் படியாதவன், மேகம் மூடிய நாட்களில் சூரியமின் தகடு சோர்வதையும், அடர்ந்த கானகம் வானொலி அலையை விழுங்குவதையும் மலைமேல் ஏறிய பிறகே அறிவான்.

இத்தகைய களஞ்சியங்கள் பலவும் சந்தா கட்டினால்தான் திறக்கும். 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் வாயிலாக, முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. இது பெரும் பேறு. ஆயினும் முதற்கட்டத்தில் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இடம்பெறவில்லை. நம் கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பொறியியல் பயில்வது அங்கேதான். ஒரே அருவியில் நனையும் இரண்டு மாணவர்களில், சேர்ந்த கல்லூரி காரணமாக ஒருவனுக்கு மட்டும் நூலகக் கதவு திறப்பது நியாயமன்று.

அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கும்வரை, ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகளைத் தாங்கி 1991 முதல் எவருக்கும் திறந்திருக்கும் ‘ஆர்க்கைவ்’ தளமும், ஏசிஎம் 2022-இல் கட்டணமின்றித் திறந்துவிட்ட 1951 முதல் 2000 வரையிலான பிரசுரங்களும், முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தாங்கிய சோத்கங்காவும் இருக்கின்றன. கல்லூரி நிர்வாகிகள் தம் நூலகர்களைக் கொண்டு முதலாண்டிலேயே மாணவர்களுக்கு இத்தேடற்கலையைக் கற்பிக்க வேண்டும். திட்டத்தின் அடுத்த கட்டத்தில் தனியார் கல்லூரி மாணவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.