எந்தத் திருகை முதலில் தொடுவது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் படம்பிடிக்க வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் இருக்கிறது. ஈரத் தரை, கூடையோடு ஓடுகிறவர்கள், குறுக்கே வரும் மீன்பாடி வண்டி என்று அங்கே கை ஆடாமல் படமெடுப்பது லேசான காரியமில்லை. கேமராவை மாட்டியதும் சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். அது ஒரு பக்கமாகக் கோணி நிற்க, மோட்டார் முனகுகிறது. கண்ணில் படும் திருகையெல்லாம் தளர்த்திப் பார்ப்பது அடுத்த கட்டம். உறுப்புகளைத் தெரிந்துகொள்ளாமல் சமநிலை பார்க்க இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

கிம்பல் என்பது கப்பலில் பழகிய அமைப்பு. திசைகாட்டியை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் மாட்டினால், கப்பல் சாய்ந்தாலும் அது சாயாது. கையில் பிடிக்கும் கிம்பலில் வளையங்களுக்குப் பதில் மூன்று மோட்டார்கள். கேமராவின் பக்கவாட்டில் இருப்பது டில்ட். லென்ஸை மேலும் கீழும் திருப்பும். பின்னால் இருப்பது ரோல். இடவலச் சாய்வைக் கவனிக்கும். கைப்பிடிக்கு மேலே இருப்பது பேன். கவனிக்க வேண்டியது யார் யாரைச் சுமக்கிறார்கள் என்பதுதான். டில்ட் கேமராவைச் சுமக்கிறது, ரோல் அவ்விரண்டையும், பேன் எல்லாவற்றையும். ஆகவே உள்ளிருந்து வெளியே, டில்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரோலைச் சரிசெய்துவிட்டு டில்டில் கை வைத்தால், ரோல் சுமக்கும் எடை இடம் மாறி முதல் வேலை வீணாகலாம். மின்சாரம் போடாமல் மற்ற இரண்டையும் பூட்டிவிட்டு, லென்ஸை ஒருமுறை நேராக முன்னே பார்க்கவும், ஒருமுறை வானம் பார்க்கவும் வைத்துக் கையை எடுங்கள். இரண்டு நிலையிலும் கேமரா அப்படியே நின்றால் டில்ட் சரி.

மோட்டாருக்குத்தான் பலம் இருக்கிறதே, ஆட்டோ ட்யூன் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஆட்டோ ட்யூன் மோட்டாரின் விசையை எடைக்கேற்ப அமைக்கும். எடையை நகர்த்தித் தராது. கோணலை மோட்டார் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடேறும், பேட்டரி சீக்கிரம் தீரும். காரெட் பிரவுன் உருவாக்கி, 1976இல் வந்த 'ராக்கி' படத்தில் பேர் வாங்கிய, உடலில் மாட்டிக்கொள்ளும் கேமரா தாங்கியான ஸ்டெடிகேமில் இப்படி இழுத்துப் பிடிக்க மோட்டார் கிடையாது; எடை தவறினால் உடனே சாய்ந்து காட்டிக்கொடுக்கும். செல்போன் கிம்பலுக்கு இத்தனை பாடு தேவையில்லை என்பது உண்மைதான். போனைப் பிடியின் நடுவில் வைத்தால் பெரும்பாலும் போதும்.

இன்னொன்று: மூன்று மோட்டாரும் திரும்புதலையும் சாய்தலையும்தான் அடக்கும். நடக்கும்போது வரும் மேல்கீழ் குலுக்கலை ஸ்டெடிகேமில் ஸ்பிரிங் கை வாங்கிக்கொள்ளும். கிம்பலில் அந்த வேலை, மடக்கி நடக்கும் முழங்காலுக்கு. கடைசியாக, சமநிலை பார்க்கும் முன்பே லென்ஸ் மூடியைக் கழற்றுங்கள், ஸ்கிரீனைத் திறந்து வையுங்கள். ஏலம் தொடங்கிய பிறகு ஸ்கிரீனைத் திறந்தால் ரோல் கோணிவிடும்.