கணக்குல 64, கையில 62, லேப்புல 61!

"/26 சப்நெட்ல எத்தனை ஹோஸ்ட்?" நெட்வொர்க்ஸ் பேப்பர்ல இதுக்கு 62-னு எழுதினா மார்க் வந்துடும். ஆனா 62 சிஸ்டம் இருக்குற ஒரு லேபுக்கு அதே /26-ஐக் கொடுத்துப் பாருங்க, ஒரு சிஸ்டம் வெளியில நிக்கும்!

ஐபி வெர்ஷன் 4 முகவரி மொத்தம் 32 பிட். /26 என்றால் முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு, மிச்சம் 6 பிட் ஹோஸ்ட்டுக்கு. ஆறு பிட்டில் 64 முகவரிகள் வரும். ஆறுமே 0 என்றால் அது சப்நெட்டின் முகவரி. ஆறுமே 1 என்றால் பிராட்காஸ்ட், அதாவது அந்த சப்நெட்டில் உள்ள எல்லாரையும் ஒரேயடியாகக் கூப்பிடும் முகவரி. இரண்டையும் கழிச்சா 62. அதுல ஒண்ணு கேட்வேக்குப் போயிடும். ஆக, உங்க சிஸ்டங்களுக்கு 61தான்.

எக்ஸாம்ல பைனரி எழுதி நேரத்தை வீணாக்காதீங்க. /26-இன் மாஸ்க் 255.255.255.192. 256-ல 192 போனா 64. இதுதான் பிளாக் சைஸ். கடைசி எண் 0, 64, 128, 192-ன்னு பிளாக் ஆரம்பிக்கும். 192.168.10.77 எங்க விழுது? 64-க்கும் 128-க்கும் நடுவுல. அப்போ நெட்வொர்க் .64, பிராட்காஸ்ட் .127, பயன்படுத்தக்கூடியவை .65 முதல் .126 வரை. அவ்வளவுதான்.

இனி மாஸ்க் தப்பானா என்ன ஆகும்னு பாருங்க. இன்டர்வியூல இதைத்தான் கிண்டுவாங்க. அந்த .77 சிஸ்டத்தில் யாரோ 255.255.255.0 என்று போட்டுவிட்டார்கள். பக்கத்து சிஸ்டத்துக்கு பிங் போகும். இன்டர்நெட்டும் வரும். ஆனா அடுத்த சப்நெட்டில் இருக்கும் .130 பிரிண்டர் மட்டும் கிடைக்காது! காரணம், .130-உம் தன் சப்நெட்டிலேயே இருக்கு என்று .77 நம்புது. அதனால் பாக்கெட்டை கேட்வேயிடம் கொடுக்காமல், ".130 யாருப்பா?" என்று ஆர்ப் மூலம் நேரடியாகக் கத்துது. அந்தக் கத்தலை ரவுட்டர் அடுத்த சப்நெட்டுக்குக் கடத்தாது. (ரவுட்டரில் பிராக்ஸி ஆர்ப் ஆனில் இருந்தால் கதையே வேற, தப்பு வெளியே தெரியாமலே ஓடிட்டிருக்கும்.) கேபிளை மாத்தி மாத்திச் சொருகினாலும் பயனில்லை, முதல்ல மாஸ்க்கைப் பாருங்க.

"ரெண்டைக் கழி" விதிக்கும் விலக்கு உண்டு. இரண்டு ரவுட்டர்களை நேராக இணைக்கும் லிங்க்கில் /31 போடலாம். இரண்டு முகவரியுமே பயன்படும். 2000-இல் வந்த ஆர்எஃப்சி 3021 இதை அனுமதிக்குது. அதனால /31-க்கு "ஹோஸ்ட் 0"-னு கண்ணை மூடிட்டு டிக் பண்ணிடாதீங்க.