மார்ச் வெயிலில் ஜூலைக் குளியல்

வண்டிப்பெரியாரில் ஜூன் பிறந்து மழை மலையை மூடிவிட்டால், கூரையில் உள்ள சோலார் ஹீட்டர் சும்மா கிடக்கும். மார்ச்சிலோ உச்சிப்பொழுதுக்குள் தொட்டி கொதித்து, மிச்சச் சூடு வீணாகும். அந்த மிச்சத்தை ஜூலை வரை எங்கே வைப்பது?

மண்ணுக்குள் வைக்கலாம் என்று செய்துகாட்டியவர்கள் கனடாக்காரர்கள். கால்கரிக்குத் தெற்கே ஓகோடோக்ஸில், டிரேக் லேண்டிங் என்ற 52 வீட்டுக் குடியிருப்பு. கார் ஷெட் கூரைகளில் 800 சூரியத் தகடுகள். கோடையில் அவற்றின் சூடு நீர் வழியாக, 37 மீட்டர் ஆழமுள்ள 144 போர்களுக்குள் இறங்கும். இந்தப் போர்களில் தண்ணீர் எடுக்கவில்லை. உள்ளே போய் வளைந்து திரும்பும் குழாய் மட்டும்தான். சுற்றியுள்ள மண் மெல்லச் சூடேறும். குளிர்காலத்தில் ஓட்டத்தைத் திருப்பினால் அதே சூடு வீட்டுக்கு வரும். முதல் ஆண்டு அறைகளைச் சூடாக்கும் தேவையில் 55 சதவீதம்தான் கிடைத்தது. மண் ஊறி ஏற வேண்டுமே! ஐந்தாம் ஆண்டில் 97. 2015-16 குளிர்காலத்தில் முழுவதும். குளிக்கும் வெந்நீருக்கு மட்டும் வீட்டுக் கூரையில் தனித் தகடு. கருவிகள் பழசாகி, 2024இல் அமைப்பை மூடத் தொடங்கினார்கள்.

நம் மலையில் இதை அப்படியே செய்ய முடியாது. மண் சூட்டை மெதுவாகத்தான் விடும், ஆனால் நகரும் நிலத்தடி நீர் அள்ளிக்கொண்டு போய்விடும். சரிவெல்லாம் ஊற்று கசியும் ஊரில் புதைத்த வெயில் பெரியாற்றுக்குத்தான் போய்ச்சேரும்.

அப்படியானால் காப்பு சுற்றிய தொட்டியில் நீராகவே வைக்க வேண்டும். டென்மார்க்கின் வோயன்ஸில் 2 லட்சம் கன மீட்டர் குழியில் சூட்டை நீராகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எஸ்டேட்டில் பத்து வீட்டு லயம் (வரிசைக் குடியிருப்பு) ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம். வீட்டுக்கு நாளுக்கு 100 லிட்டர், 20 டிகிரியிலிருந்து 45க்கு. மின்சாரக் கணக்கில் மொத்தம் 29 யூனிட். மூன்று மாதத்துக்கு 2,600. நீர் 80 டிகிரியிலிருந்து 45க்கு இறங்கும்போது கன மீட்டருக்கு 40 யூனிட் தரும். தொட்டிக்கு நீளம், அகலம், ஆழம் தலா நான்கு மீட்டர் போதும்போலத் தெரிகிறது. ஆனால் கால் மீட்டர் தடிமனுக்கு நல்ல காப்பு போட்டாலும், தினமும் எடுக்கும் சூட்டில் ஏறக்குறைய பாதியளவு சுவர் வழியே கசியும்.

மூன்று பக்கமும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு. கசியும் பரப்பு நான்கு மடங்குதான். எண்பது வீடு சேர்ந்தால் இழப்பு கால்வாசிக்கு இறங்கும். தனி வீட்டுக்காரர் இதில் கைவைத்தால் நஷ்டம்; எஸ்டேட்டுக்கே ஒரு தொட்டி என்றால் பேசிப்பார்க்கலாம்.