கையறிந்த எழுத்து

எழுத்தைக் கற்பது கண்ணின் வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சீன நாட்டுத் தொடக்கப் பள்ளிகளோ அதைக் கையின் வேலையாகவும் ஆக்கியுள்ளன. ஆசிரியர் பலகையில் ஒரு கோடு இழுப்பார். உடனே பிள்ளைகள் அனைவரும் கையை உயர்த்தி, சுட்டுவிரலால் வெற்றுவெளியில் அதே கோட்டை வரைவர். அக்கோட்டின் பெயரையும் உரக்கச் சொல்வர். இம்முறைக்கு 'ஷூ கோங்' என்று பெயர். வெளியில் எழுதுதல் என்பது பொருள்.

இத்தனை முயற்சி எதற்கு? நம் நெடுங்கணக்கு 247 எழுத்துக்களோடு முடிந்துவிடுகிறது. சீனப் பிள்ளையோ தொடக்கப் பள்ளியின் ஆறாண்டுகளில் சுமார் 3,000 எழுத்துக்களை அறிந்து, அவற்றுள் 2,500 அளவில் எழுதவும் பழக வேண்டும். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, குறுக்குக்கோடு முன்னும் நெடுங்கோடு பின்னுமாக எழுதும் ஒழுங்கும் உண்டு. அவ்வொழுங்கு கைக்குப் படிந்துவிட்டால் நினைவின் சுமை பாதி குறையும்.

சில எழுத்துக்களை உடம்பைக்கொண்டே காட்டிவிடலாம். கால்களை அகற்றி நின்றால் 'ரென்', அதாவது மனிதன். அந்நிலையிலேயே கைகளை இருபுறமும் நீட்டினால் 'தா', பெரியது. ஒரு பிள்ளை மரமாக நிற்க, மற்றொரு பிள்ளை அதன்மேல் சாய்ந்தால் 'ஷியூ', ஓய்வு. ஆடி முடிப்பதற்குள் எழுத்தும் பொருளும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லா எழுத்துக்கும் இவ்விளையாட்டு பொருந்தாது. பெரும்பாலானவை பொருளைச் சுட்டும் ஓர் உறுப்பும் ஒலியைச் சுட்டும் ஓர் உறுப்பும் கூடியவை. அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதித்தான் பழக வேண்டும். எழுதும் திறனும் படிக்கும் திறனும் சீனப் பிள்ளைகளிடம் நெருங்கிய தொடர்புடையன என்று, பெய்ஜிங் மாணவரிடம் நடத்திய ஆய்வு ஒன்றும் 2005ஆம் ஆண்டில் தெரிவித்தது.

ஆயினும் அந்நாட்டார்க்கும் இன்று ஒரு கவலை உண்டு. கைபேசியில் ரோமன் எழுத்தால் ஒலியைத் தட்டினால் சீன எழுத்து தானே வந்து நிற்கிறது. அதனால் நன்கு கற்றவரும் பேனாவைப் பிடித்ததும் எழுத்து நினைவுக்கு வராமல் திகைக்கின்றனர். இதைக் குறிக்க அம்மொழியில் ஒரு சொற்றொடரே வழங்குகிறது.

நிற்க. இக்கவலை நமக்கு அயலானதா? தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஊரிலுள்ள பாட்டிக்கு நான்கு வரி எழுதச் சொன்னால் ஆங்கில எழுத்தை நாடுகின்றனர். பாட்டி அனுப்பிய கடிதத்தையும் அவர்களுக்கு நாமே படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

வழி நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்தே எழுத்தறிவித்தனர். மணலுக்கு மாற்றாக இன்று ஒரு தாம்பாளத்தில் அரிசி போதும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம், ஓர் எழுத்து. முதலில் கையை வீசி வெளியில் எழுதட்டும், பின் அரிசியில், பின் தாளில். வாயும் உடன் ஒலிக்கட்டும். 'அ'கரத்தின் சுழியையும் 'ழ'கரத்தின் வளைவையும் கை அறிந்துகொண்டால், கண் அவற்றை எங்கும் இனங்காணும். வருகின்ற விடுமுறையிலேயே தொடங்குவோமாக.