இணையத்தில் அறிமுகம், கண்டியில் முதல் சந்திப்பு: பத்திரமாக நட்பை வளர்ப்பது எப்படி?

உயர்தரப் பாடக் குறிப்புகளைப் பகிரும் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழக்கமாகிறார். இன்னொருவர் முகநூலில் நமது கவிதைக்குக் கருத்துச் சொல்லி அறிமுகமாகிறார். கம்பளை, நாவலப்பிட்டி, சுற்றியுள்ள தோட்டங்கள் என்று எங்கும் இளையோருக்கு இன்று புதிய முகங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன. சில மாதங்கள் பேசிய பின், "கண்டிக்கு வந்தால் சந்திப்போமா?" என்ற கேள்வி வரும். வீட்டில் கேட்டால், "போகவே கூடாது" என்பார்கள். அப்படித் தடுக்கப்படும் பிள்ளை பல நேரம் ஒருவரிடமும் சொல்லாமல் போய்விடுகிறது. ஆபத்து அங்கேதான் கூடுகிறது.

நேரில் பழகுவதன் அருமையைக் கண்டி பட்டறிந்த ஊர். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த வன்முறைக்குச் சமூக ஊடக வதந்திகள் எண்ணெய் வார்த்தன. அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் போன்ற தளங்களைச் சில நாட்கள் முடக்கியது. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. முகம் பார்த்துப் பழகியவரைப் பற்றிய பொய்யை எவரும் எளிதில் நம்புவதில்லை. ஆகவே இளையோர் சந்திப்பதைத் தடுப்பதைவிட, பத்திரமாகச் சந்திக்கக் கற்றுக்கொடுப்பதே மேல்.

சந்திக்கும் முன்

முதலில் காணொளி அழைப்பில் பேசுங்கள். அவர் முகப்புப் படமாக வைத்திருப்பதைக் கூகுள் லென்ஸில் தேடினால், வேறொருவரின் படமா என்பது பல நேரம் தெரிந்துவிடும். அவரை நேரில் அறிந்த பொது நண்பர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வீட்டு முகவரி, அடையாள அட்டையின் படம், தினமும் போய்வரும் நேரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ நம்பிக்கையான பெரியவரோ இல்லாமல் போகவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை ஒன்று உண்டு. "என் தோழியையும் கூட்டி வருகிறேன்", "அந்த இடம் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனம் உள்ளவர் உடனே சரி என்பார். கோபிப்பவர், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று மனதைக் கரைப்பவர், வீட்டுக்குச் சொல்லாதே என்பவர் ஆகியோரைச் சந்திக்கத் தேவையில்லை. முன்னெச்சரிக்கை உண்மையான நட்பைக் கெடுக்காது. யார் உண்மையான நண்பர் என்று காட்டும்.

எங்கே, எப்போது?

தலதா வீதியிலுள்ள கண்டி சிட்டி சென்டரின் உணவுக்கூடம், டி.எஸ். சேனாநாயக்க நினைவு நூலகம், தலதா மாளிகையை அடுத்த வாவிக்கரை போன்று ஆள் நடமாட்டமுள்ள இடங்கள் நல்லவை. ஹந்தானை மலையும் உடவத்தகலைக் காடும் முதல் சந்திப்புக்கு ஏற்றவை அல்ல. பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். வாசலில் கூட்டம் இருந்தாலும் உள்ளே ஒதுக்குப்புறங்கள் பல.

காலை நேரமே சிறந்தது. தோட்டப் பக்கம் போகும் பஸ்கள் மாலையில் குறைந்துவிடும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அவருடைய வாகனத்தை நம்ப நேரிடும். போகவும் வரவும் சொந்த ஏற்பாடு இருக்கட்டும். யாரை, எங்கே சந்திக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லி, கைத்தொலைபேசியில் இருப்பிடத்தையும் பகிருங்கள். முதல் முறைக்கு ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள்: நூல் வெளியீடு, கோயில் திருவிழா, இரத்த தான முகாம், நண்பர் கூட்டத்தோடு நடைப்பயணம். நாலு பேர் நடுவில் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதில் அவருடைய குணம் தெரியும். பலமுறை சந்தித்த பின்னும் தன் நண்பர் ஒருவரைக்கூட அறிமுகப்படுத்தாதவரிடம் கவனம் தேவை.

பணம் கேட்டால், மிரட்டினால்

இலங்கையில் அடிக்கடி நடக்கும் மோசடி இது: வெளிநாட்டு 'நண்பர்' பரிசுப் பொதி அனுப்பியதாகச் சொல்வார். பிறகு சுங்க அதிகாரி என்று ஒருவர் பேசி, வரியை ஒரு வங்கிக் கணக்கில் வைப்பிலிடச் சொல்வார். தனியார் கணக்கில் பணம் போடும்படி சுங்கத் திணைக்களம் கேட்பதில்லை.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடல்களை அழிக்காமல் திரைப்பிடிப்பாகச் சேமியுங்கள். பிறரின் தனிப்பட்ட தகவலையோ படத்தையோ துன்புறுத்தும் நோக்கத்தோடு வெளியிடுவது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டப்படி குற்றம். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சர்வதேசச் சேவை, 18 வயதைக் கடந்தவர்களின் படங்கள் அதில் இணைந்துள்ள தளங்களில் பரவாமல் தடுக்க உதவும். அந்தச் சேவையைப் பயன்படுத்தும்போது படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போகாது. உடனடி ஆபத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, இணையப் பாதுகாப்புக்கு 101.

மிரட்டுபவனின் பலம் அந்தப் படத்தில் இல்லை. வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பிள்ளையின் பயத்தில் இருக்கிறது. "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்லு, திட்ட மாட்டோம், போனைப் பறிக்க மாட்டோம்" என்று அம்மாவும் அப்பாவும் முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடந்தால் அந்தப் பலம் போய்விடும்.