மொட்டை மாடியில் வியாழ தரிசனம்

"துறைமுக விளக்குகளும் ஆலைப் புகையும் சூழ்ந்த வடசென்னையில் ஆகாயம் ஏது, அதைப் படம் பிடிப்பது ஏது?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், திருவொற்றியூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஏறும் வரையில்!

ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் இரவு வானம் வெளுத்துக் கிடக்கிறது. மங்கிய நக்ஷத்திரங்கள் அதில் மறைந்துவிடுவது உண்மையே. ஆனால் வியாழன், சனி முதலிய கிரகங்களின் பிரகாசத்தை அந்த வெளிச்சம் கெடுத்துவிடுவதில்லை. மேலும், சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், கிரகங்கள் நமக்கு எப்போதும் உயர எழுந்தே செல்கின்றன. லண்டன் நகரத்தாருக்கோ சில ஆண்டுகளில் அவை அடிவானத்தை விட்டு அதிகம் எழும்புவதில்லை.

உண்மையான விரோதி காற்றின் நடுக்கந்தான். பகலெல்லாம் காய்ந்த தளம் மாலையில் வெப்பத்தைக் கக்கும்போது, வியாழன் கொதிக்கும் நீரின் அடியில் கிடக்கும் காசுபோல் நெளிகிறது. அதற்கு நண்பர் கையாளும் உபாயம் இது: தூரதிருஷ்டிக் கண்ணாடியில் கண் வைக்கும் இடத்தில் சிறு காமிராவைப் பொருத்தி, 2 நிமிஷம் சலனப்படமாகவே பிடிக்கிறார். அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களில், காற்று அடங்கிய கணங்களில் விழுந்தவற்றைக் கணிப்பொறி பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. வியாழன் 10 மணி நேரத்திற்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால், அதிக நேரம் பிடித்தால் உருவம் குழம்பிவிடும். முடிவில் மேகப் பட்டைகள் தெளிவாகத் தோன்றுகின்றன.

வீட்டில் வான ஆராய்ச்சி செய்வது சென்னைக்குப் புதிதன்று. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் சொந்தமாக அமைத்த கூடமே, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாராய்ச்சி நிலையத்துக்கு வித்தாயிற்று. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுஜனங்கள் அறியும்பொருட்டு நம் நாட்டு மொழிகளில் அதை விளக்கி எழுதினார்.

அன்று முன்னிரவில் தெருப் பிள்ளைகள் மாடிப் படியில் வரிசையாக நின்றார்கள். வியாழனையும், அதன் பக்கத்தில் 1610-ல் கலிலியோ கண்ட சந்திரன்களையும் பார்த்த ஒரு சிறுமி, "இது நம்ம தெருவுக்கு மேலேயா இருக்கு, மாமா?" என்று கேட்டாள்.

"ஆமாம், அம்மா. நாம்தான் இதுவரை அண்ணாந்து பார்க்கவில்லை" என்றார் நண்பர்.

பள்ளிக்கூடந்தோறும் மாடி இருக்கிறது. அங்கே ஒரு கண்ணாடியை வைக்க நமக்கு என்ன தடை?